தழும்பில்லாத வண்டி

உங்கள் குழந்தையின் தோளில் தடுப்பூசித் தழும்பைப் பார்த்து, “ஐயையோ, பிள்ளை பழுதாகிவிட்டதே!” என்று தலையில் அடித்துக்கொள்வீர்களா? தழும்பில்லாத பிள்ளைதான் அசல் சரக்கு என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசுவீர்களா?

மாட்டீர்கள். ஆனால் கார் விஷயத்தில் மொம்பாசா நகரம் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்து வந்தது. செய்தவர்களில் ஒருத்தி, பதினோரு ஆண்டுகள் குழந்தைகளின் தோளில் ஊசி போட்டே சம்பளம் வாங்கியவள். பெயர் எடினா வகேஷோ.

வகேஷோ டைட்டா மலைக்காரி. நர்ஸ் படிப்பை முடித்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கி வந்தவள், மலை ஏறுவது கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்றாகிவிட்டது. தடுப்பூசிப் பிரிவில் பாதி வாழ்க்கை. மீதிப் பாதி சிறுநீரகப் பிரிவில், இரத்தம் கழுவும் இயந்திரங்களுக்கு நடுவில். கணவன் கத்தாருக்குக் காவலாளி வேலைக்குப் போனான். அங்கே எதையோ மிகவும் அக்கறையாகக் காவல் காக்கிறான் போலிருக்கிறது. ஏழு ஆண்டுகளாக இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

வீடு லிக்கோனியில், தென்கரையில். ஆஸ்பத்திரி தீவில். நடுவில் கடலின் ஒரு கை. அதைக் கடக்கப் படகு. காலை ஐந்தரைக்குச் சரிவில் ஆயிரம் பேரோடு நின்று, கதவு திறந்ததும் ஆயிரம் பேரோடு ஓடி, படகில் ஆயிரம் பேரோடு வேர்த்து, அந்தக் கரையில் ஆயிரம் பேரோடு ஏறுவாள். இருபத்திரண்டு ஆண்டுகள். அவளுக்கு அது பழகிவிட்டது. பழகாதவர்கள் அவளுடைய நோயாளிகள்.

லிக்கோனிப் பக்கத்திலிருந்து மூன்று பேர் வாரம் இரண்டு முறை அவளுடைய இயந்திரங்களுக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் செங்கோ. கிரியாமா இனத்துக்காரர், இளநீர் வியாபாரி. தள்ளுவண்டி நிறைய இளநீரை வைத்துக்கொண்டு ஒரு மடக்கு குடிக்க முடியாது. சிறுநீரகம் போனவனுக்கு அது நஞ்சு. “கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி சிஸ்டர்,” என்பார். “என்னை நாசமாக்கணும்னா சாராயக் கடை வச்சுக் குடுத்திருக்கலாம். இளநீர்க் கடையை வச்சுக் குடுத்து வேடிக்கை பாக்குறான்.” இரத்தம் கழுவி முடித்துக் கால் துவள நின்று, படகுக் கூட்டத்தில் இடிபட்டு, ஒருநாள் அந்தச் சரிவில் விழுந்தார். இயந்திரத்துக்காக ஊசி குத்தும் கை அடியில் மாட்டிக்கொண்டது. அன்று இரவே வகேஷோ முடிவு செய்தாள்: கார் வாங்க வேண்டும். படகு கார்களையும் ஏற்றிக்கொள்ளும்; உட்கார்ந்தபடியே கடக்கலாம்.

செவிலியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைத்தது. எந்தக் கார்? சொருகி மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் ஹைப்ரிட். பெட்ரோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வர மின்சாரமே போதும். சமையலறை ஜன்னல் வழியாக வயரை விட்டால் காலைக்குள் வயிறு நிறைந்துவிடும். மின்தடை வந்தால் காரிலிருந்து வீட்டுக்கே மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மொம்பாசாவில் இதைச் சொன்னால் போதும், மற்ற எதையும் சொல்ல வேண்டாம்.

வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. எந்தப் பெயரை வைத்தாலும் கதை மாறாது.

ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய வண்டிகள் கப்பலேறி வந்து நிற்கும் மைதானம் ஒன்று, ம்பாருக் என்பவருடையது. அங்கே அதே மாடலில் இரண்டு வெள்ளை வண்டிகள் நின்றன. ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே தூரம் ஓடியவை. வகேஷோ தன் ஃபுண்டியை அழைத்துப் போயிருந்தாள். பழுது பார்ப்பவன் எவனும் இங்கே ஃபுண்டிதான். இந்த ஃபுண்டியின் பெயர் ஒக்கேச். டொயோட்டா எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான். திரும்ப மாட்டும்போது மட்டும்தான் கண்ணைத் திறப்பான்.

ஒக்கேச் முதல் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்தான். கதவுத் தூணில், பூட்டு விழும் இடத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஜப்பானிய எழுத்து, ஒரு எண்.

“இது வேணாம் சிஸ்டர்.”

“ஏன்?”

“பாத்தீங்களா ஒட்டு? ரிப்பேர் பண்ண வண்டி. எங்கயோ மோதியிருக்கான். ஜப்பான்காரன் நேர்மையானவன், ரிப்பேர் பண்ணா ஒட்டி விட்ருவான்.”

இரண்டாவது வண்டியின் கதவைத் திறந்தான். தூண் பளிங்குபோல இருந்தது.

“இது பாருங்க. அப்பழுக்கில்லாத வண்டி. யாரும் கை வைக்கல.”

கை வைக்காத வண்டிக்கு விலை கொஞ்சம் அதிகம். வகேஷோ கொடுத்தாள். அப்படிச் சொன்னது ஒக்கேச் மட்டுமல்ல. நகரத்தில் எந்த ஃபுண்டியைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பான். ஊருக்கே தெரிந்த உண்மை அது. ஊருக்கே தெரிந்த உண்மைகளை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார், கைகளை விரித்தார், சக்கரங்களைக் கண்டித்தார், எதிரியின் திட்டங்களை முறித்தார். பின் குப்பியைத் திறந்து ஒலிவ எண்ணெயை முன்மூடியில் ஊற்றினார். சார்ஜ் போடும் துளை வண்டியின் இதயம் என்று யாரோ சொல்ல, அதற்கும் கொஞ்சம் ஊற்றினார். பின் கண்ணாடியில் “இரத்தத்தால் காக்கப்பட்டது” என்று ஒரு பெரிய தாள் ஒட்டப்பட்டது. வகேஷோவுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை; ஆனால் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள், மஹம்ரி பணியாரமும் தேநீரும் செய்தாகிவிட்டது.

நான்கு மாதங்கள் வண்டி தேவதைபோல நடந்துகொண்டது. செங்கோ முன்னிருக்கையில் அமைச்சர்போல உட்கார்ந்து, நடந்து போகிறவர்களுக்குக் கையசைத்தார். மின்சாரம் போன இரவுகளில் மூன்று வீட்டுக் குளிர்பெட்டிகள் வகேஷோவின் காரில்தான் உயிர் பிழைத்தன.

ஐந்தாம் மாதம், மழைக்கால வியாழக்கிழமை. படகுச் சரிவில் வண்டிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. வகேஷோ பிரேக்கை மிதித்தாள். மிதி கல்லாக இருந்தது. உள்ளே போகவில்லை. முன்பலகையில் மஞ்சள் விளக்கு, அதன் கீழே ஜப்பானிய மொழியில் மூன்று வரி. வண்டி நழுவியது. இரண்டு காலையும் ஊன்றி, இருக்கையிலிருந்து எழுந்தே மிதித்தாள். மாம்பழக் கூடைகள் ஏற்றிய கைவண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டி நின்றது. அதற்கு அப்பால் தண்ணீர்.

கைவண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். “ஏம்மா, குளிக்கணும்னா நடந்து போய்க் குளி! காரோட என்ன குளியல்?”

அந்தக் கரை ஏறியதும் செங்கோ சொன்னார். “சிஸ்டர், என் சாவுக்கு நான் வேற தேதி யோசிச்சிருந்தேன்.”

மாலையில் ஒக்கேச்சிடம் வண்டி போனது. மறுநாள் திரும்பி வந்தது. மஞ்சள் விளக்கு எரியவில்லை.

“என்ன செஞ்ச?”

“விளக்கு எரியுதுன்னு சொன்னீங்கல்ல? மேல கறுப்பு டேப் ஒட்டிட்டேன். இனி தொந்தரவு இருக்காது.”

“ஒக்கேச், காய்ச்சல்னு ஒருத்தன் வந்தா தெர்மாமீட்டரை உடைப்பியா?”

“இந்த வண்டிங்களுக்கு மூளை ஜாஸ்தி சிஸ்டர். சும்மா கத்தும். கண்டுக்காதீங்க.”

அடுத்த வாரமே இரண்டாம் முறை மிதி கல்லானது. இப்போது வகேஷோ நர்ஸானாள். நர்ஸ் என்றால் வேறொன்றுமில்லை. தனக்குத் தோன்றுவதை நம்பாதவள், எழுதி வைத்ததை நம்புகிறவள். நோயாளியின் கட்டிலில் தொங்கும் கவனிப்புத் தாள் ஒன்றை எடுத்தாள். இரத்த அழுத்தம் இருந்த இடத்தில் சார்ஜ் அளவு என்று எழுதினாள். நாடித்துடிப்பு இருந்த இடத்தில் வேகம். தேதி, நேரம், ஓடிய தூரம், மழையா வெயிலா, மிதி எத்தனை நொடி கல்லாக இருந்தது, கையொப்பம். கறுப்பு டேப்பைப் பிய்த்து எறிந்தாள்.

தாளில் ஆறு வரிகள் சேர்ந்தபோது ஒழுங்கு ஒன்று தெரிந்தது. ஆறும் இரவு முழுக்க மழை பெய்த காலைகள். கைபேசிக் காமிராவை முன்பலகைக்குக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னாள். “பிரேக் உதவி குறைந்துள்ளது. பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி, விற்பனை நிலையத்தைத் தொடர்பு கொள்ளவும்.” இத்தனை வாரமாக வண்டி மரியாதையாகக் கெஞ்சிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அன்றிரவு, வண்டியைத் தயாரித்த கம்பெனியின் இணையப் பக்கத்தில் அதன் சேசிஸ் எண்ணை அடித்தாள். பக்கம் முழுவதும் ஜப்பானிய மொழி. கைபேசி வரி வரியாகத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. பிரேக்குக்குத் துணை செய்யும் மின்பம்புக்குள் ஈரம் புகுந்து துருப்பிடிக்கலாம். எனவே இந்த வண்டிகள் எல்லாவற்றையும் திரும்ப அழைத்து, பம்பை இலவசமாக மாற்றித் தருகிறோம். மன்னிக்கவும். அழைப்பு விடுத்த தேதி, வண்டி கப்பலேறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. இந்த எண்ணுள்ள வண்டி: மாற்றப்படவில்லை. கீழே கடைசி வரி: மாற்றப்பட்ட வண்டிகளின் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் எண்ணிட்ட சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கும்.

வகேஷோ அந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு சிரித்தாள். தனியாக இருக்கும் பெண் அப்படிச் சிரித்தால் அக்கம்பக்கம் பயந்துபோகும்.

“பதினோரு வருஷம்,” என்று ஒக்கேச்சிடம் மறுநாள் சொன்னாள். “தழும்பு இருக்கான்னு பாத்துப் பாத்துத்தான் குழந்தையை உள்ள விடுவேன். தழும்பு இல்லன்னா அம்மாவைத் திட்டுவேன். அப்பேர்ப்பட்டவ, தழும்பில்லாத வண்டிக்கு அதிகக் காசு குடுத்திருக்கேன்.”

“எல்லாரும் அப்படித்தானே சிஸ்டர் சொன்னாங்க.”

“எல்லாரும் படகுச் சரிவுல நிக்கல. நான்தான் நின்னேன்.”

வண்டியை நிறுத்திவிட்டாள். செங்கோவும் மற்ற இருவரும் மறுபடி நடந்தார்கள். ஓட்டினால் மூன்று பேரும் கடலுக்குள் போகலாம். ஓட்டாவிட்டால் ஒவ்வொருவராகப் போகலாம். நகரத்திலிருந்த கம்பெனியின் முகவர் நிலையம் பம்பை மாற்றித் தந்துவிட்டால் இரண்டும் இல்லை. அங்கே போனாள். பளபளக்கும் தரை, குளிர்ந்த காற்று. சர்வீஸ் மேலாளர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

“இந்த வண்டியை நாங்க விக்கல மேடம்.”

“நீங்க வித்தீங்கன்னு நான் சொல்லலியே. உங்க கம்பெனி செஞ்சதுதானே? மூக்குல அதே முத்திரைதானே?”

“முத்திரை ஒண்ணுதான். ஆனா இந்த மாடல் கென்யாவுலயே கிடையாது.”

வகேஷோ கண்ணாடிக்கு வெளியே காட்டினாள். “அப்ப அங்க நிக்கிறது என்ன, பேயா?”

“சிஸ்டத்துல இல்ல மேடம்.”

“என் பேஷண்டுங்களும் பாதிப்பேர் சிஸ்டத்துல இல்ல. ஆனா மூத்திரம் வரலன்னா வீங்கத்தான் செய்றாங்க.”

மேலாளர் மரியாதைக்காக வெளியே வந்து முன்மூடியைத் திறந்தார். மூலையில் பிசுபிசுப்பு. விரலால் தொட்டு முகர்ந்தார். முகம் மலர்ந்தது. “இது என்ன எண்ணெய்?”

“பாஸ்டர் ஊத்துனது.”

“பாத்தீங்களா! வெளிப்பொருள் உள்ள போயிருக்கு. இதுக்குக் கம்பெனி பொறுப்பில்ல.”

“அவர் ஊத்தி ஆறு மாசம் ஆகல. கம்பெனி மன்னிப்புக் கேட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப எங்க பாஸ்டர் ஜப்பானுக்குப் போய் ஒவ்வொரு வண்டியா ஊத்திட்டு வந்தாரா?”

இறக்குமதிக்கு அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சான்றிதழைக் காட்டினார்கள்: வண்டியின் வயது சரி, ஓடிய தூரம் சரி, கதிர்வீச்சு இல்லை. திரும்ப அழைத்த வண்டியா, திருத்தப்பட்டதா என்று கேட்கும் கட்டம் அந்தத் தாளில் இல்லை. “கட்டம் இல்லாததை நாங்க எங்க எழுதுறது?” என்று எழுத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டம் போடுவது யார் வேலை என்று வகேஷோ கேட்டாள். அது அவருடைய கட்டத்தில் வரவில்லை.

அதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. முந்நூற்று நாற்பது பேர். “யாருக்காவது மிதி கல்லாகியிருக்கிறதா?” என்று வகேஷோ கேட்டாள். ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பத்து பேர் ‘ஆமாம்’ என்றார்கள். பயந்த முகங்கள், அழும் முகங்கள், கும்பிடும் கைகள் எனச் சின்னப் படங்கள். ஒருவர் சங்கீதம் அனுப்பினார். ஒருவர் பிரேக் எண்ணெயில் எலுமிச்சை பிழியச் சொன்னார். “தேதியும் நேரமும் எழுதி வைத்தவர்கள் யார்?” என்று கேட்டாள். ஒருவர்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் தனியாக எழுதினார்: “சிஸ்டர், இதைப் பொதுவுல பேசாதீங்க. விக்கிற விலை போயிடும். நான் அடுத்த வாரம் தள்ளி விடப் போறேன். அப்புறம் என்ன வேணா பேசுங்க.”

அந்த வாரம் செங்கோ வரவில்லை. படகுக் கூட்டத்தைப் பார்த்து, “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று திரும்பிவிட்டாராம். இரண்டு முறை விட்டுப்போனது. மூன்றாவது முறை ஆம்புலன்ஸில் வந்தார்; முகம் பூரியாக உப்பியிருந்தது, மூச்சு நுரைத்தது. ஆறு மணி நேரம் இயந்திரத்தில் வைத்தார்கள். கண் விழித்ததும் வகேஷோவைப் பார்த்தார்.

“சிஸ்டர், வித்துட்டு ஒரு பழைய பெட்ரோல் வண்டி வாங்கு. நான் உயிரோட இருக்கும்போதே.”

“அதை வாங்குறவன்?”

“அவனுக்கு நல்ல கிட்னி இருக்குமில்ல. சமாளிச்சுக்குவான்.”

மறுநாள் ஒக்கேச் ஒருவனைக் கூட்டி வந்தான். குவாலேயைச் சேர்ந்த பள்ளி ஆசிரியன், நாசிப் என்று பெயர். முப்பது வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்தான். ஒக்கேச் கதவைத் திறந்து தூணைத் தடவிக் காட்டினான்.

“பாத்தீங்களா சார்? ஒட்டு இல்ல. யாரும் கை வைக்கல.”

நாசிப் சொன்ன விலை வகேஷோ கொடுத்ததைவிட அதிகம். பெட்ரோல் வண்டி மட்டுமல்ல, அதற்கு ஒரு வருட பெட்ரோலும் வாங்கலாம்.

“ஏன் அவசரமா வாங்குறீங்க?” என்று வகேஷோ கேட்டாள்.

“வீட்டுக்காரிக்கு அடுத்த மாசம் தேதி சிஸ்டர். நல்ல ஆஸ்பத்திரி தீவுலதானே? வலி வந்தா படகுல நடத்திக் கூட்டிட்டுப் போக முடியுமா?”

வகேஷோ உள்ளே போனாள். ஆவணங்களை எடுக்கப் போகிறாள் என்று நினைத்து ஒக்கேச் கைகளைத் தேய்த்தான். அவள் எடுத்து வந்தது கவனிப்புத் தாள். நாசிப் வரி வரியாகப் படித்தான். ஆசிரியன் அல்லவா, கடைசி வரை படித்தான். தூணில் ஒட்டு இல்லாததன் பொருளையும் அவள் சொன்னாள்.

“விக்க இஷ்டமில்லாம சொல்றீங்களா சிஸ்டர்?”

“விக்க இஷ்டம்தான். உங்க வீட்டுக்காரியைக் கடலுக்குள்ள அனுப்பத்தான் இஷ்டமில்ல.”

அவன் போன பிறகு ஒக்கேச் வெடித்தான். “உண்மை பேசுறதுக்கு உங்களுக்கு வேற நாளே கிடைக்கலியா? அங்க ஒரு மனுஷன் மூச்சுக்குத் திணறுறான், இங்க நீங்க நேர்மைக் கடை திறந்து வச்சிருக்கீங்க! ஜப்பான்காரன் வித்தான், ம்பாருக் வித்தான், யாராவது வாயைத் திறந்தானா? உங்களுக்கு மட்டும் என்ன?”

“அதான்டா. ஒருத்தரும் வாயைத் திறக்காததாலதான் அது எங்கிட்ட வந்து நிக்குது.”

அன்றிரவு அவள் தூங்கவில்லை. சரியானதைச் செய்தவர்களுக்கு நிம்மதியான தூக்கம் வரும் என்பதெல்லாம் பாஸ்டர்கள் பரப்பிய வதந்தி.

காலையில் நாசிப் போன் செய்தான். “சிஸ்டர், ம்பாருக் யார்டுல இருக்கேன். அதே மாடல். தூணுல ஒட்டு இல்ல. அப்ப இதுவும் ஆபத்தா?”

விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினாள். மைதானத்தின் பின்பக்கம் வண்டி கழுவும் ஆட்கள் இருவர், வெந்நீரில் துணியை நனைத்துக் கதவுத் தூணில் ஒற்றி, கத்தி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் ஒரு பால்பொடி டப்பா. உள்ளே நகம் நகமாக நூற்றுக்கணக்கான தாள்கள்.

“என்ன செய்றீங்க?”

“ஒட்டு எடுக்கிறோம். ஒண்ணு ரெண்டு தப்பி நின்னுட்டா, அதை யாரும் வாங்க மாட்டாங்க.”

ம்பாருக் தேநீர்க் கோப்பையோடு வந்தார். கண்ணியமான மனிதர், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. “என்ன சிஸ்டர், வாடிக்கையாளரைக் கலைக்க வந்தீங்களா?”

வகேஷோ நாசிப் பார்த்த வண்டியின் எண்ணைக் கைபேசியில் அடித்தாள். திரை சொன்னது: மாற்றப்பட்டது. பம்பு மாற்றப்பட்ட, நல்ல வண்டி. நல்ல வண்டி என்ற ஒரே சாட்சியம் டப்பாவில் ஊறிக்கொண்டிருந்தது.

“இந்த ஒட்டு, கம்பெனி குறையைச் சரி பண்ணிக் குடுத்ததுக்கு அடையாளம்,” என்றாள். “மோதுனதுக்கு இல்ல.”

ம்பாருக் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப… ஒட்டு இருந்தா நல்ல வண்டியா?”

“ஆமா.”

“ஒம்பது வருஷமா நான் ஆள் வச்சு, சம்பளம் குடுத்து, நல்ல வண்டின்னு எழுதியிருந்ததை உரிச்சிட்டிருக்கேனா?”

“ஆமா.”

“உரிச்சிட்டு, நல்ல வண்டின்னு சொல்லி வித்துட்டிருக்கேனா?”

கழுவும் ஆட்களில் ஒருவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். நாசிப் அந்த வண்டியை வாங்கினான். விலையைக் குறைத்தும் வாங்கினான். அதிர்ச்சியிலிருக்கும் வியாபாரியிடம் பேரம் பேசுவது எளிது.

வகேஷோ அன்றே குழுவில் எழுதினாள்: சேசிஸ் எண்ணை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். இருநூற்றுக்கு மேல் எண்கள் வந்தன. பணி முடிந்த இரவுகளில் ஒவ்வொன்றாக அடித்தாள். தன்னுடையதையும் சேர்த்து எழுபத்தாறு வண்டிகள் மாற்றப்படாதவை. மற்ற எழுபத்தைந்து பேருக்கும் கவனிப்புத் தாளின் படத்தை அனுப்பினாள்: இப்படி எழுதுங்கள், ஒரு மாதம் எழுதுங்கள், அனுப்புங்கள். ஆமென் என்று அறுபது பேர் பதில் போட்டார்கள். எழுதி அனுப்பியவர்கள் பதினோரு பேர்.

தன்னுடையதோடு பன்னிரண்டு தாள்களைச் சேர்த்து ஜப்பானில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். ஒரு வாரத்தில் பதில். தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு ஆழ்ந்த வருத்தம். தங்கள் வண்டியை அருகிலுள்ள விற்பனை நிலையத்துக்குக் கொண்டு வரவும். வண்டி முதலில் பதிவான முகவரிக்கு மிக அருகிலுள்ள நிலையம் ஜப்பானின் ஷிசுவோகா மாவட்டத்தில் இருக்கிறது.

“லிக்கோனிப் படகு அவ்வளவு தூரம் போகாது,” என்று திருப்பி எழுதினாள். பின் வரி வரியாக: எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த எண்ணுள்ள வண்டி, எத்தனை நொடி, உள்ளே எத்தனை பேர். கடைசியில் ஒரு வாக்கியம்: “இந்தத் தாள்கள் இன்ன நாளில் உங்களுக்குக் கிடைத்தன என்பதை உறுதி செய்யவும்.”

புலம்பலுக்கு எந்தக் கம்பெனியும் பயப்படாது. ஆயிரம் பேர் அழுதாலும் அது வானிலைதான். ஆனால் தேதியிட்ட தாள் வந்து, வந்தது என்று ஒப்புக்கொண்டும் விட்டால், அதைக் கோப்பில் வைத்தாக வேண்டும். கோப்பில் வைத்த பிறகு யாராவது செத்தால், “எங்களுக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது. இது வகேஷோவுக்கு ஆஸ்பத்திரி கற்றுக்கொடுத்தது; டாக்டர்களும் அந்தக் கட்டில் தாளுக்குத்தான் பயப்படுவார்கள்.

ஏழு வாரம் கழித்து முகவர் நிலைய மேலாளர் தாமே போன் செய்தார். குரலில் தேன்.

“மேடம், உங்க வண்டியைக் கொண்டு வாங்க. பம்பு வந்திருக்கு.”

“சிஸ்டத்துல வந்துடுச்சா?”

“…வந்துடுச்சு மேடம்.”

“எத்தனை பம்பு?”

“பன்னெண்டு.”

“எழுபத்தாறு வண்டி இருக்கு.”

“எழுத்துல வந்தது பன்னெண்டுதான் மேடம்.”

பம்பு மாறியது. திங்கட்கிழமை மழை. செங்கோ முன்னிருக்கையில் ஏறினார். மடியில் துண்டு, கையில் ஜெபமாலை, இரண்டு கால்களும் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தேடி ஊன்றியிருந்தன. பின்னால் மற்ற இருவர். சரிவு வந்தது. வகேஷோ மிதித்தாள். மிதி வெண்ணெயாக இறங்கியது; வண்டி நின்றது. மேலே ஏறும் வரை செங்கோ மூச்சு விடவில்லை.

“என் ஜெபம் கேட்டுச்சு சிஸ்டர்,” என்றார்.

“உங்க ஜெபம் ஆறு மாசமா ஓடிட்டிருந்துச்சு. பம்பு வெள்ளிக்கிழமைதான் வந்துச்சு.”

“ஏன் சிஸ்டர், ஒரு கிழவன் நிம்மதியைக் கெடுக்குற?” என்றார் செங்கோ. ஆனாலும் ஜெபமாலையைப் பையில் போட்டுவிட்டு, நடந்து போகிறவர்களுக்குக் கையசைக்க ஆரம்பித்தார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. சிறுதாள் என்றால் நல்ல வண்டி என்ற செய்தி நகரம் முழுவதும் பரவிற்று. மூன்று மாதத்துக்குள் ம்பாருக்கின் மைதானத்தில் எல்லா வண்டியின் தூணிலும் தாள். அடுத்த மைதானத்திலும் தாள். ம்வெம்பே தாயாரி கடைத்தெருவில் ஓர் அச்சகம் ஜப்பானிய எழுத்தில், எண்ணோடு, நூறு நூறாக அடித்துக் கொடுத்தது. பெட்ரோல் லாரிக்குக்கூட ஒருவன் ஒட்டியிருந்தான். ஒக்கேச் இப்போது வாடிக்கையாளரிடம் தூணைத் தடவிக் காட்டி, “பாத்தீங்களா சார், ஒட்டு இருக்கு!” என்கிறான். மாறாதது அவனுடைய உறுதி ஒன்றுதான்.

பம்பு மாறாத அறுபத்து நான்கு வண்டிகளில் பலவற்றை இப்போது வேறு ஆட்கள் ஓட்டுகிறார்கள். விற்றவர்கள் குழுவை விட்டு விலகிவிட்டார்கள். வாங்கியவர்களுக்குக் குழு இருப்பதே தெரியாது. வகேஷோ வார விடுமுறைகளில் மைதான வாசல்களில் நின்று எண் பார்த்துச் சொல்கிறாள். காவலாளிகள் விரட்டுகிறார்கள். அவள் ஒருத்தி; மைதானங்கள் நூறு.

ஆகையால், வண்டி வைத்திருப்பவரே, இதைக் கீழே வைத்ததும் வெளியே போய் உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். தயாரித்த கம்பெனியின் பக்கத்தில் அதை அடியுங்கள். மொழி தெரியாவிட்டால் கைபேசிக்குத் தெரியும். மாற்றவில்லை என்று வந்தால், இன்றைய தேதியைப் போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கிடைத்தது என்று பதில் வரும்வரை விடாதீர்கள். அதற்குள் விற்றே ஆக வேண்டுமென்றால் விற்றுக்கொள்ளுங்கள். பணம் வாங்கும் முன், வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்து, அந்த ஒரு குறையை மட்டும் சொல்லிவிடுங்கள்.